67 கோல் அடித்தும் கீழே போன காம்பா: ஜே லீக் 2012 பற்றி ஒரு கேள்வி

மூலைக்கொடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாக ஜப்பானின் கால்பந்து லீக்கான ஜே லீக்கின் பழைய புள்ளிப் பட்டியல்களை ஒவ்வொரு வருடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். 2012க்கு வந்தவுடன் அதற்கு மேல் நகர முடியவில்லை.

18 அணிகள், 34 சுற்று. அந்த வருடம் லீக்கிலேயே அதிக கோல் அடித்த அணி காம்பா ஒசாகா, 67 கோல். சாம்பியன் ஆன சான்ஃபிரெச்சே ஹிரோஷிமாகூட 63தான். ஆனால் காம்பா முடித்த இடம் 17. கீழிருந்து இரண்டாவது, நேராக இரண்டாம் பிரிவான ஜே2. வாங்கிய கோல் 65, அதாவது கோல் வித்தியாசம் கூட்டல் 2. அதே பட்டியலில் 15வது இடத்தில் தப்பித்து நிற்கிற அல்பிரெக்ஸ் நீகாட்டாவைப் பாருங்கள், வருடம் முழுக்க அவர்கள் அடித்தது 29 கோல். 29! லீக்கில் அவர்களைவிடக் குறைவாக அடித்தது கடைசி இடத்து சப்போரோ மட்டும்தான், 25. நீகாட்டாவுக்கு 40 புள்ளி, காம்பாவுக்கு 38.

காம்பா ஒன்றும் சின்ன அணி இல்லை. 2008இல் ஆசிய சாம்பியன், 2011இல் மூன்றாவது இடம். எண்டோ யசுஹிதோ, கொன்னோ யசுயுகி என்று தேசிய அணியில் நிரந்தர இடம் வைத்திருந்த இரண்டு பேர் அங்கே ஆடினார்கள். இது வெறும் துரதிர்ஷ்டமா, இல்லை உள்ளே வேறு ஏதாவது நடந்ததா? அந்த சீசனைப் பின்தொடர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

பன்பாகு பெஞ்ச் எழுதியது:

நான் அப்போது வேலைக்காக ஒசாகா பக்கம் இருந்தேன். காம்பாவின் பழைய மைதானம் இருந்த பன்பாகு பூங்காவுக்கு மோனோரயிலில் போய்விடலாம், 1970 உலகக் கண்காட்சி நடந்த இடம். சூரியக் கோபுரத்தைத் தாண்டி நடந்தால் ஓடுபாதை சுற்றிவர ஒரு பழைய மைதானம், 21,000 பேர் உட்காரலாம். மூலையில் உட்கார்ந்தால் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது, ஆனாலும் நீலமும் கறுப்புமாக அந்த ஸ்டாண்டு நிறைந்திருக்கும்போது எனக்கு வேறு எங்கேயும் போகத் தோன்றாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். துரதிர்ஷ்டம் இல்லை. விதை 2011 முடிவிலேயே போடப்பட்டுவிட்டது.

நிஷினோ அகிரா 2002 முதல் பத்து வருடம் அங்கே பயிற்சியாளர். 2005 லீக் பட்டம், 2008 ஆசிய சாம்பியன்ஸ் லீக், அதே டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 5-3 என்று தோற்ற அந்த ஆட்டம், எல்லாம் அவர் காலத்தில். நீ மூன்று அடித்தால் நான் நான்கு அடிப்பேன் என்பதுதான் அவருடைய காம்பாவின் குணம். 2011இல் 78 கோல் அடித்து, 51 வாங்கி, சாம்பியன் கஷிவாவுக்கு இரண்டே புள்ளி பின்னால் மூன்றாவதாக முடித்தார்கள். அதோடு கிளப் அவரை அனுப்பிவிட்டது.

அடுத்து கிளப் மனதில் வைத்திருந்தது வாக்னர் லோப்பஸை. பிரேசிலில் பிறந்து 1998 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு ஆடியவர். ஆனால் முதல் பிரிவான ஜே1 அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக உட்காரத் தேவையான லைசென்ஸ் அவரிடம் இல்லை. அதனால் பிரேசிலிலிருந்து ஜோசே கார்லோஸ் செர்ராவோ என்பவரைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூட்டிவந்து, லோப்பஸை அவருக்குத் துணையாக வைத்தார்கள். பத்து வருடம் ஒரே ஆள் கட்டிய வீட்டுக்கு இப்படி ஒரு ஏற்பாடு. லீக்கும் ஆசியப் போட்டியும் சேர்த்து முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. மார்ச் மாதம் முடிவதற்குள் இரண்டு பேரும் வெளியே. கிளப்பின் பழைய வீரர் மட்சுநாமி மசனோபு கையில் அணியைக் கொடுத்தார்கள்.

தற்காப்பிலும் ஓட்டை. பல வருடம் நடுவில் நின்ற யமகுச்சி சதோஷி போய்விட்டார். கொன்னோ வந்தார், நல்ல வீரர்தான், ஆனால் சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் மாறிக்கொண்டே இருந்தால் ஒருவர் என்ன செய்ய முடியும்? முந்தைய வருடத்தைவிட 14 கோல் அதிகமாக வாங்கினார்கள். சப்போரோ 88 வாங்கியது, அதற்கு அடுத்து லீக்கிலேயே மோசம் காம்பாவின் 65.

இதில் என் மனதை இன்னும் அறுப்பது ஒன்று உண்டு. நிஷினோ அந்த மே மாதம் பக்கத்து ஊர் விஸ்ஸெல் கோபேவுக்குப் பயிற்சியாளராகப் போனார், நவம்பரில் அங்கிருந்தும் நீக்கப்பட்டார். கடைசியில் 16வது இடத்தில் கீழே போனது கோபே, 17வது இடத்தில் காம்பா. அவர் இருந்த வீடும் போனது, புகுந்த வீடும் போனது.

---

மூன்றடுக்கு எழுதியது:

பன்பாகு பெஞ்ச் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இந்த சீசனைக் காம்பாவை மட்டும் வைத்துப் பார்த்தால் பாதிதான் புரியும், பக்கத்தில் ஹிரோஷிமாவை வைத்துப் பாருங்கள். ஏனென்றால் அதே குளிர்காலத்தில் அவர்களும் பல வருடம் இருந்த ஒரு பயிற்சியாளரை இழந்தார்கள்.

மிஹாய்லோ பெட்ரோவிச் 2006இலிருந்து ஹிரோஷிமாவில் இருந்தவர். 2007இல் அணி ஜே2வுக்கு விழுந்தபோதும் கிளப் அவரைக் கைவிடவில்லை, அவரே திரும்ப மேலே கொண்டுவந்தார். அவருடைய முறை ஜப்பானில் தனி வகை. பின்னாலிருந்து முன்னால் எண்ணினால், காகிதத்தில் 3-4-2-1. பந்து கையில் இருக்கும்போது நடுக்கள வீரர் ஒருவர் பின்வரிசைக்கு இறங்கிவிடுவார், இரண்டு ஓரத்து வீரர்களும் எதிரணியின் கடைசிக் கோடுவரை ஏறிவிடுவார்கள், அப்போது அது 4-1-5. முன்னால் ஐந்து பேர் ஒரே வரிசையில் நிற்கும்போது நான்கு பேர் தற்காப்புக்கு யாரைப் பிடிப்பது என்றே தெரியாது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பின்னால் இடம் விட்டுவிடும், 2011இல் 49 கோல் வாங்கி ஏழாவது இடம். கிளப்பிடம் பணமும் இல்லை. பெட்ரோவிச் உராவா ரெட்ஸுக்குப் போனார், முன்வரிசையில் முக்கியமான லீ தடானாரி இங்கிலாந்தில் சௌத்தாம்ப்டனுக்குப் போனார். சீசன் தொடங்கும் முன் இவர்கள் பட்டம் வெல்வார்கள் என்று பேசியவர்கள் யாரும் எனக்கு நினைவில்லை.

ஹிரோஷிமா என்ன செய்தது? தன் பழைய நடுக்கள வீரர் மொரியாசு ஹஜிமேவைக் கூப்பிட்டது. அதற்கு முன்பு இரண்டு வருடம் நீகாட்டாவில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர், ஒரு அணியின் முழுப் பொறுப்பு அவருக்கு அதுதான் முதல் முறை. அவர் பெட்ரோவிச்சின் 3-4-2-1ஐத் தொடவில்லை. நிஷிகாவா ஷூசாகு கோல்கீப்பராக நின்று காலாலேயே ஆட்டத்தைத் தொடங்குவது, ஆவோயாமா தோஷிஹிரோ தூரத்திலிருந்து கொடுக்கும் பாஸ், தகாஹாகி யோஜிரோவின் தந்திரம், வலது ஓரத்தில் மிகிச் ஓடுவது, எல்லாம் அப்படியே இருந்தன. அவர் மாற்றியது ஒன்றுதான். பந்து போனவுடன் ஓரத்து வீரர்கள் கீழே இறங்கி, ஐந்து பேர் வரிசையாக நிற்க வேண்டும், அவசரப்பட்டு முன்னால் பாய்ந்து அழுத்தக் கூடாது. கேட்கும்போது சின்ன விஷயம். வாங்கிய கோல் 49இலிருந்து 34க்கு இறங்கியது. அடித்தது 52இலிருந்து 63க்கு ஏறியது. பின்னால் பாதுகாப்பாக இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தால் முன்னால் நிற்பவன் நிதானமாக ஆடுவான், நான் அதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அப்புறம் சாட்டோ ஹிசாட்டோ. 170 சென்டிமீட்டர் உயரம்தான். தற்காப்பு வீரரின் தோளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, பாஸ் வரும் நொடியில் முன்னால் வந்து ஒரே தொடுதலில் அடிப்பார். அந்த வருடம் 22 கோல், லீக்கில் அதிகம் அடித்தவரும் அவர்தான், சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். ஹிரோஷிமா ஜே2வுக்கு விழுந்தபோது போய்விடாமல் கூடவே இருந்தவர் அவர். அதனால் அந்தப் பட்டத்தை அவர் கையில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. இது அந்தக் கிளப்புக்கு ஜே லீக்கில் முதல் பட்டம். பழைய டோயோ கோக்யோ காலத்தில், அதாவது மஸ்தா கார் நிறுவனத்தின் அணியாக இருந்தபோது, 1965 முதல் 1968 வரை தொடர்ந்து நான்கு முறை ஜப்பான் லீக்கை வென்ற ஊர் அது. அதற்கப்புறம் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உராவாவுக்குப் போன பெட்ரோவிச்சும் சோடை போகவில்லை. முந்தைய வருடம் 15வது இடத்தில் தத்தளித்த அணியை மூன்றாவதாக முடிக்கவைத்தார்.

ஒரு பயிற்சியாளர் போன பிறகு எதை வைத்துக்கொள்வது, எதைச் சரிசெய்வது என்று ஹிரோஷிமாவுக்குத் தெரிந்திருந்தது. காம்பாவுக்குத் தெரியவில்லை. என் பார்வையில் 2012 சீசனே இதுதான்.

---

சேற்றுப் பந்து எழுதியது:

எல்லாரும் மயேடாவை மறந்துவிட்டீர்களா? ஜூபிலோ இவாட்டாவின் ஸ்ட்ரைக்கர் மயேடா ரியோய்ச்சி. ஒவ்வொரு சீசனிலும் அவர் முதல் கோல் எந்த அணிக்கு எதிராக அடிக்கிறாரோ அந்த அணி கீழே போகும் என்று ஜப்பான் ரசிகர்களிடம் ஒரு பேச்சு. 2007 வென்ட்ஃபோரெட் கோஃபு, 2008 டோக்கியோ வெர்டி, 2009 ஜெஃப் சிபா, 2010 கியோட்டோ, 2011 யமகாட்டா. ஐந்து வருடமும் அதேபடி. 2012இல் அவருடைய முதல் கோல் காம்பாவுக்கு எதிராக.

கடைசிச் சுற்று, டிசம்பர் 1, காம்பா போன இடம் எது தெரியுமா? இவாட்டா. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்திலேயே முதல் கோல், அடித்தது மயேடாவேதான். முடிவு 2-1, காம்பா கீழே.

நான் மூடநம்பிக்கை உள்ளவன் இல்லை. ஆனால் இந்த வரிசையைப் பார்த்தபோது முதுகில் ஏதோ ஊர்ந்தது.

---

பன்பாகு பெஞ்ச் எழுதியது:

அந்த ஆட்டத்தை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். இரண்டாம் பாதியில் குராட்டா ஷூ சமன் செய்தபோது எழுந்து நின்றேன், அதன் பிறகு உட்காரவே இல்லை. கடைசி நேரத்தில் இவாட்டாவின் இரண்டாவது கோல் விழுந்ததும் வீட்டில் யாரும் பேசவில்லை.

ஆனால் மயேடா கதையை வைத்து காம்பா நிர்வாகத்தைத் தப்பிக்கவிட எனக்கு மனமில்லை. அந்த முந்தைய ஐந்து அணிகளையும் பாருங்கள், பெரும்பாலும் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த அணிகள், பலவீனமான தற்காப்புக்கு எதிராக நல்ல ஸ்ட்ரைக்கர் சீக்கிரம் கோல் அடிப்பது இயல்பு. அடுத்த வருடம் அவருடைய முதல் கோல் உராவாவுக்கு எதிராக, உராவா கீழே போகவில்லை. அந்த வருடம் இறங்கியது மயேடாவின் சொந்த அணியான இவாட்டா.

---

மூலைக்கொடி எழுதியது:

நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம் இன்னும் இருக்கிறது. ஒன்று, கோல் வித்தியாசம் கூட்டலில் இருந்தும் புள்ளி சேரவில்லை என்றால் நெருக்கமான ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கைவிட்டது என்றுதானே அர்த்தம்? இரண்டாவது, 29 கோல் மட்டும் அடித்த நீகாட்டா எப்படித் தப்பித்தது?

---

மூன்றடுக்கு எழுதியது:

முதல் சந்தேகம். காம்பா 9 வெற்றி, 11 டிரா, 14 தோல்வி. அந்த 9 வெற்றியில் சேர்த்த வித்தியாசம் 14 தோல்வியில் இழந்ததைவிட 2 கோல் அதிகம். அதாவது வென்ற நாளில் அள்ளினார்கள், தோற்ற நாட்களில் பெரும்பாலும் கொஞ்சத்தில் தோற்றார்கள். ஒரு பகுதி அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொன்னால் முழுசாக மறுக்க மாட்டேன். ஆனால் 34 ஆட்டத்தில் 65 வாங்கினால் கணக்கு என்ன? ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு. ஒவ்வொரு வாரமும் மூன்று அடித்தால்தான் வெற்றி என்ற நிலையில் களத்தில் இறங்குகிறீர்கள். சீசனின் பாதியில் திரும்பிவந்த லெயாண்ட்ரோ 14 கோல் அடித்தார், அவ்வளவு குறைந்த ஆட்டங்களில் அது பெரிய எண்ணிக்கை. அவர் அடிக்க அடிக்கப் பின்னால் ஒழுகிக்கொண்டே இருந்தது. முன்வரிசையிலும் போனவர்கள் உண்டு. முந்தைய வருடம் அங்கே இருந்த லீ கூன்-ஹோவும், பின்னால் நடு சீசனில் ராஃபின்யாவும் கொரியாவின் உல்சானுக்குப் போனார்கள். அந்த உல்சான்தான் அதே வருடம் ஆசிய சாம்பியன்.

இரண்டாவது சந்தேகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நீகாட்டா வாங்கிய கோல் 34. ஆமாம், சாம்பியன் ஹிரோஷிமா வாங்கிய அதே 34. அவர்களைவிடக் குறைவாக வாங்கியது யொகோஹாமா எஃப் மரினோஸ் மட்டும், 33. அடிக்கத் தெரியாத அணி, ஆனால் எளிதில் உடையாத அணி. கடைசி இரண்டு சுற்றில் அவர்கள் செய்ததைக் கேளுங்கள்.

நவம்பர் 24, 33வது சுற்று. ஹிரோஷிமாவும் வெகால்டா செண்டாயும் பட்டத்துக்கு மோதிக்கொண்டிருக்கிறார்கள். செண்டாய் 2011 மார்ச் நிலநடுக்கத்தில் அடிபட்ட ஊர், அந்த வருடமே நான்காவதாக முடித்து, அடுத்த வருடம் பட்டம்வரை வந்த அணி. நடுநிலையாக இருந்த நிறையப் பேர் மனதில் செண்டாய் வெல்லட்டும் என்று இருந்தது, எனக்கும் கொஞ்சம் இருந்தது. அந்த நாளில் ஹிரோஷிமா சொந்த ஊரில் செரெசோ ஒசாகாவை 4-1 என்று வென்றது. செண்டாய் தன் ஊரில் 1-0 என்று தோற்றது. யாரிடம்? நீகாட்டாவிடம். ஒரு சுற்று மீதமிருக்கப் பட்டம் ஹிரோஷிமாவுக்கு, 64 புள்ளியோடு முடித்தார்கள், செண்டாய் 57.

கடைசிச் சுற்றுக்குப் போகும்போது கோபே 39, காம்பா 38, நீகாட்டா 37. மூன்றில் ஒன்றுதான் பிழைக்கும். நீகாட்டா சப்போரோவை 4-1 என்று வென்று 40க்குப் போனது. கோபே சொந்த மைதானத்தில் 1-0 என்று தோற்றது, எதிரே நின்றது ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்ட ஹிரோஷிமா. காம்பா வென்றிருந்தால் 41, தப்பித்திருக்கும், 40இல் நின்ற நீகாட்டா கோபேவோடு சேர்ந்து கீழே போயிருக்கும். டிரா போதாது. அதனால் கடைசி நிமிடங்களில் எல்லாரையும் முன்னால் அனுப்பினார்கள்.

அந்த வருடம் 16வது இடத்துக்கு இன்னொரு வாய்ப்பு என்று எதுவும் கிடையாது. கடைசி மூன்றும் நேராகக் கீழே. ஜே2வில் மூன்றாவது முதல் ஆறாவது வரை முடித்தவர்களுக்குள் பிளே ஆஃப் வைத்தது அந்த வருடம்தான் முதல் முறை, ஆறாவதாக முடித்த ஓய்டா அதில் வென்று மேலே வந்தது.

---

சேற்றுப் பந்து எழுதியது:

நீகாட்டாவின் அந்த இரண்டு வெற்றியும் சேர்த்து யோசித்ததில்லை. ஒரு அணிக்குப் பட்டத்தையும் கொடுத்து, இரண்டு அணியைக் கீழேயும் தள்ளியிருக்கிறது.

எண்டோ என்ன ஆனார்? வேறு கிளப் கூப்பிட்டிருக்குமே?

---

பன்பாகு பெஞ்ச் எழுதியது:

எண்டோ போகவில்லை, கொன்னோவும் போகவில்லை. 2013இல் பிரேசிலில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்கு ஜப்பான் போனபோது அவர்கள் இரண்டு பேரும் ஜே2 வீரர்களாகவே போனார்கள்.

கீழே போன பிறகும் 2012 சீசன் காம்பாவுக்கு முடியவில்லை. ஜப்பானின் நாக்அவுட் போட்டியான பேரரசர் கோப்பையில் இறுதிவரை போய், புத்தாண்டு நாளில் டோக்கியோ தேசிய மைதானத்தில் கஷிவாவிடம் 1-0 என்று தோற்றார்கள். வென்றிருந்தால் ஜே2வில் ஆடிக்கொண்டே ஆசிய சாம்பியன்ஸ் லீக்கிலும் ஆடியிருப்பார்கள்.

அப்புறம் ஹசெகாவா கென்டா பயிற்சியாளராக வந்தார். 2013இல் ஜே2வில் 99 கோல் அடித்து முதலிடத்தில் மேலே ஏறினார்கள். ஆனால் அந்த மனிதர் வந்த நாளிலிருந்து கவலைப்பட்டது தற்காப்பைப் பற்றித்தான். 2014இல் உலகக் கோப்பை இடைவேளையின்போது காம்பா 16வது இடம், மறுபடியும் அதே பள்ளம் என்று நினைத்தேன். வருடக் கடைசியில் லீக், லீக் கோப்பை, பேரரசர் கோப்பை மூன்றும் அவர்கள் கையில். அந்த லீக்கில் அடித்தது 59, 2012ஐவிட எட்டு குறைவு. வாங்கியது 31.

பட்டத்தை உறுதிசெய்த கடைசி ஆட்டம் தொகுஷிமாவில், 0-0.